கார் இன்ஷூரன்ஸ்காரருக்கு உங்கள் சுகர் எதற்கு?

பிரிட்டனில் கார் இன்ஷூரன்ஸ் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்களில் படிவத்தை நிரப்பிக்கொண்டே போனால், வண்டி எண், வேலை, இரவில் கார் நிற்கும் இடம், நோ க்ளெய்ம்ஸ் போனஸ் எத்தனை வருடம் என்ற கேள்விகளுக்கு நடுவே உடம்பைப் பற்றியும் ஒரு கேள்வி வரும். டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயோ குறைபாடோ உங்களுக்கு உண்டா என்பதுதான் அது. டிவிஎல்ஏ என்பது ஸ்வான்சீயில் இருக்கும், டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகம். தேர்ந்தெடுக்க வேண்டிய பதில்களும் பல தளங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: இல்லை; உண்டு, டிவிஎல்ஏவுக்குத் தெரியும், கட்டுப்பாடு எதுவும் போடவில்லை; உண்டு, ஓராண்டு லைசென்ஸ் தந்திருக்கிறார்கள்; இரண்டாண்டு; மூன்றாண்டு; உண்டு, ஆனால் டிவிஎல்ஏவுக்குத் தெரியாது.

இந்த இடத்துக்கு வந்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. "சுகர் இருக்கெண்டு சொல்லிப்போடாதை, காசைக் கூட்டிப்போடுவாங்கள்" என்று லண்டனில் யாராவது ஒரு மாமா புத்தி சொல்லியிருப்பார். நேர்மாறாக, எதையாவது சொல்லாமல் விட்டால் நாளைக்கு க்ளெய்ம் கிடைக்காது என்று பயந்து, கொலஸ்ட்ரால் முதல் முதுகுவலி வரை எல்லாவற்றையும் போனில் ஒப்பிப்பவர்களும் உண்டு. மாமா சொல்வது ஆபத்தானது, போனில் ஒப்பிப்பது தேவையற்றது.

அந்தப் பதில் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நோயின் பெயர் அதில் இல்லை. என்ன மருந்து, எத்தனை வருடம், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, எதுவும் இல்லை. உங்களைப் பற்றி டிவிஎல்ஏ என்ன முடிவெடுத்தது என்பது மட்டும்தான் அங்கே கேட்கப்படுகிறது. உங்கள் உடம்பைச் சோதித்துப் பார்க்கும் வேலையை இன்ஷூரன்ஸ் கம்பெனி அரசிடம் விட்டுவிட்டு, அதன் தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கோ பயணக் காப்பீட்டுக்கோ விண்ணப்பித்தவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். அங்கே ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னால் அதிலிருந்து பத்துக் கேள்வி கிளைக்கும்.

காரணம் எளிமையானது. ஆயுள் காப்பீட்டில் விற்கப்படும் சரக்கே உங்கள் உடம்பின் ஆயுள்தான். கார் இன்ஷூரன்ஸில் பெரும்பணம் போவது அடுத்தவர் காருக்கும் அடுத்தவர் உடம்புக்கும். அதைக் கணிக்க வயது, ஓட்டிய அனுபவம், பழைய விபத்துகள், அஞ்சல் குறியீடு, காரின் ரகம் ஆகியவையே கம்பெனிகளுக்குப் போதுமான அளவு உதவுகின்றன. நன்றாகக் கட்டுப்பாட்டில் இருக்கும் சுகரோ, ஓராண்டாக வராத வலிப்போ விபத்தை எவ்வளவு கூட்டும் என்று அவர்களாகவே ஆராய்ந்து விலை போடுவது செலவு பிடித்த வேலை. அதைச் செய்ய டிவிஎல்ஏவில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், எழுதி வைத்த விதிகள் இருக்கின்றன.

சட்டமும் கம்பெனியை அந்தப் பக்கமே தள்ளுகிறது. 2010 சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி என்பதற்காக ஒருவரிடம் கூடுதல் பிரீமியம் வாங்கவோ பாலிசி மறுக்கவோ வேண்டுமென்றால், அந்த ஆபத்தைக் கணிக்கத் தேவையான, நம்பத்தகுந்த இடத்திலிருந்து வந்த தகவல் கம்பெனியிடம் இருக்க வேண்டும். முடிவும் நியாயமானதாக இருக்க வேண்டும். நீண்டகால நோய்கள் பல சட்டத்தின் பார்வையில் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். "எங்களுக்கு அப்படித் தோன்றியது" என்று சொல்லித் தப்ப முடியாது. டிவிஎல்ஏ முழு லைசென்ஸ் கொடுத்துவிட்ட ஒருவரிடம் கூடுதல் பணம் கேட்கும் கம்பெனி, லைசென்ஸ் அதிகாரியின் மருத்துவர்களைவிடத் தனக்கு என்ன அதிகம் தெரியும் என்று விளக்க வேண்டிய நிலைக்கு வரும். அந்த வம்புக்குப் பெரும்பாலான கம்பெனிகள் போவதில்லை. மாமாவின் "காசைக் கூட்டிப்போடுவாங்கள்" இங்கேயே பாதி ஆட்டம் கண்டுவிடுகிறது. (ஆண், பெண் என்று பார்த்து வேறு விலை போடுவது 2012 டிசம்பர் 21 முதல் கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் விளைவு அது. வயதைப் பார்க்க மட்டும் இன்றும் தடையில்லை. இருபது வயது மகனுக்கு பாலிசி எடுத்துக் கொடுக்கும் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

சரி, டிவிஎல்ஏவுக்கு எதைச் சொல்ல வேண்டும்? குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது, அதிலும் சுகர் விஷயத்தில். உணவுக் கட்டுப்பாட்டிலோ மெட்ஃபார்மின் மாத்திரையிலோ மட்டும் இருக்கும் ஒருவர் சாதாரணக் கார் ஓட்ட டிவிஎல்ஏவுக்கு எதுவும் தெரிவிக்கத் தேவையில்லை. இன்சுலின் தொடங்கி அது மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் என்றால் தெரிவித்தே ஆக வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில், பிறர் உதவி தேவைப்படும் அளவுக்கு சர்க்கரை இறங்கிப்போவது 12 மாதத்தில் ஒரு முறைக்கு மேல் நடந்தால், மருந்து எதுவாக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்ததும் லைசென்ஸ் பறிபோய்விடும் என்பது பரவலான பயம். இன்சுலின் எடுப்பவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒன்று, இரண்டு அல்லது மூன்று ஆண்டு லைசென்ஸ். அது முடியும்போது மறுபடி விண்ணப்பம். ஓட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறையும், நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறையும் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வரும்.

வலிப்புக்குக் கார் விதி பொதுவாக 12 மாதம் வலிப்பில்லாமல் இருப்பது. லாரி, பஸ் ஓட்டுவதென்றால் மருந்தும் இல்லாமல் பத்து ஆண்டு. மனச்சோர்வு, அது ஓட்டும் திறனைப் பாதிக்காதவரை, சொல்ல வேண்டிய பட்டியலில் இல்லை. கண்ணுக்கு, 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். மினிகேப் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளாட்சி அமைப்புகள் பல, டாக்ஸி ஓட்டுநருக்கு லாரி, பஸ் தரத்திலேயே மருத்துவ விதிகளை வைக்கின்றன. அந்தத் தரத்தில் சாதாரண சுகர் மாத்திரையும் கணக்கில் வரும்.

சொல்ல வேண்டியதை டிவிஎல்ஏவுக்குச் சொல்லாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். விபத்து நடந்தால் வழக்கும் வரலாம்.

தனியுரிமைக்கு வருவோம். நம் உடம்பின் கதை மூன்று இடங்களில் கிடக்கலாம்: ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம், டிவிஎல்ஏவிடம், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம். இந்த மூவரும் ஒருவருக்கொருவர் தகவல் பரிமாறிக்கொள்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. டிவிஎல்ஏ உங்கள் அனுமதி வாங்கி ஜிபியிடமோ ஆஸ்பத்திரியிடமோ கேட்கும். கம்பெனிகள் 2014 முதல் உங்கள் லைசென்ஸ் எண்ணை வைத்து டிவிஎல்ஏ பதிவைப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்த வழியில் வருவது லைசென்ஸின் வகை, எவ்வளவு காலமாக வைத்திருக்கிறீர்கள், பெனால்ட்டி பாயின்ட், தண்டனை போன்றவைதான். மருத்துவக் கோப்பு வராது. ஜிபியிடமிருந்து கம்பெனிக்கு நேர்வழி கிடையாது.

காப்பீட்டுக்காக உங்கள் மருத்துவரிடம் அறிக்கை கேட்க வேண்டுமென்றால் 1988 மருத்துவ அறிக்கைகள் சட்டப்படி முதலில் உங்கள் சம்மதம் வேண்டும். அறிக்கை போவதற்கு முன்பு அதை நீங்கள் பார்க்கக் கேட்கலாம், அதற்கு 21 நாள் அவகாசம். பார்த்த பிறகு திருத்தம் கோரலாம், அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லலாம். வேறொரு குறுக்கு வழியும் இருந்தது: "உங்கள் மருத்துவப் பதிவை நீங்களே கேட்டு வாங்கி எங்களிடம் கொடுங்கள்" என்பது. ஒரு சேவையைத் தருவதற்கு நிபந்தனையாக அப்படிக் கட்டாயப்படுத்துவதை 2018 தகவல் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கார் இன்ஷூரன்ஸில் விண்ணப்பிக்கும் கட்டத்தில் இதெல்லாம் அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை. பெரிய விபத்துக்குப் பிறகு, ஓட்டுநர் மயங்கினாரா என்ற கேள்வி எழும்போதுதான் மருத்துவப் பதிவுகளைத் தேடுவார்கள்.

ஆனாலும் இந்தச் சுவரில் ஓட்டைகள் உண்டு. முதலாவது லைசென்ஸ் காலமே. நாற்பது வயதுக்காரரிடம் மூன்றாண்டு லைசென்ஸ் இருக்கிறது என்றால், நோயின் பெயர் தெரியாவிட்டாலும் நோய் இருப்பது தெரிந்துவிடும். அடுத்தது, கம்பெனிகள் பொதுவாக வைத்திருக்கும் க்ளெய்ம் பதிவேடு. கியூ என்று அழைக்கப்படும் அதில் கார் விபத்துகளோடு, காயத்துக்கு இழப்பீடு கேட்ட விவரங்களும் பதிவாகின்றன. மருத்துவர் காத்த ரகசியம் இப்படிப் பக்கத்து வாசல் வழியாக வெளியே போகிறது. இன்னொன்று கறுப்புப் பெட்டி. இளைஞர்களின் பாலிசியில் பிரீமியத்தைக் குறைக்கப் பொருத்தும் கருவி எப்போது ஓட்டினீர்கள், எப்படி பிரேக் பிடித்தீர்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்கிறது. வாரத்துக்கு மூன்று முறை ஒரே நேரத்தில் டயாலிசிஸ் யூனிட் இருக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் காரின் பதிவை சட்டம் மருத்துவத் தகவல் என்று பார்க்குமா என்பது எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

மருத்துவர்களின் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2014 டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு நடுவே, கிளாஸ்கோ நகரில் குப்பை லாரி ஒன்று நடைபாதையில் ஏறி ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் இருந்தபடியே நினைவிழந்திருந்தார். 2010இல் நின்றிருந்த பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையிலும் அவர் இதேபோல நினைவிழந்திருக்கிறார் என்பதும், அதை மருத்துவர்களிடம் உள்ளபடி சொல்லவில்லை, பிறகு லைசென்ஸ் அதிகாரிகளிடமும் வேலை தந்தவரிடமும் மறைத்தார் என்பதும் விசாரணையில் வெளிவந்தன. அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த விபத்து நடக்காமலே போயிருக்கலாம் என்று 2015இல் விசாரணை நடத்திய ஷெரிஃப் (ஸ்காட்லாந்தில் நீதிபதியை அப்படி அழைப்பார்கள்) ஜான் பெக்கெட் எழுதினார். மருத்துவர் ரகசியம் காக்க வேண்டுமா, டிவிஎல்ஏவுக்குச் சொல்ல வேண்டுமா என்ற விவாதம் அதன் பிறகு சூடுபிடித்தது. பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் வழிகாட்டுதல்படி, ஓட்டக் கூடாது என்று சொன்ன பிறகும் நோயாளி ஓட்டிக்கொண்டே இருந்து, அதனால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு வரும் என்றால், மருத்துவர் அவர் சம்மதம் இல்லாமலே டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்கலாம். கவனியுங்கள், டிவிஎல்ஏவுக்குத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அல்ல.

இனி, பலர் இன்னும் பழைய சட்டத்தையே மனதில் வைத்திருக்கும் விஷயம்: கேட்காததையும் சொல்ல வேண்டுமா? 1766இல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மேன்ஸ்ஃபீல்டு பிரபு ஒரு கோட்பாட்டை வகுத்தார். சுமாத்ராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையை எதிரி பிடித்துவிட்டால் பணம் தரும்படி அதன் ஆளுநர் எடுத்த காப்பீடு அது. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தும்விட்டார்கள். காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் உண்டு, எனவே அவர் முழு நேர்மையோடு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பது கோட்பாடு. (வழக்கில் ஆளுநர்தான் ஜெயித்தார். பின்னால் வந்தவர்கள் அதைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.) 1906 கடல் காப்பீட்டுச் சட்டம் இதை எழுத்தில் கொண்டுவந்தது. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல், கப்பல் வியாபாரிக்குப் போட்ட விதி சாதாரணக் குடும்பத்துக் கார் பாலிசியையும் ஆண்டது. யாரும் கேட்காத ஒரு நோயைச் சொல்லாமல் விட்டதற்காக பாலிசியையே செல்லாததாக்க முடிந்தது.

2013 ஏப்ரல் 6 முதல் அது இல்லை. 2012 நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு தவறில்லாத பதில் சொன்னால் போதும். கேட்காததைத் தேடிப்பிடித்துச் சொல்லும் கடமை கிடையாது. தனியுரிமைக்கு இந்தச் சட்டம் செய்திருக்கும் நன்மை அதன் பெயரில் தெரியவில்லை, ஆனால் பெரியது. டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் உண்டா என்று மட்டும் கேட்டால், மெட்ஃபார்மின் எடுக்கும் கார் ஓட்டுநர் "இல்லை" என்று எழுதலாம். பொய்யும் அல்ல, மறைப்பும் அல்ல. ஆனால் "உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா" என்று ஒரு கம்பெனி பொதுவாகக் கேட்டால் கதை வேறு. சில கம்பெனிகள் நோயின் பெயரையும் கேட்கும். அங்கே கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், பிடிக்காவிட்டால் அடுத்த கம்பெனிக்குப் போகலாம். அதனால்தான் கேள்வியை வரிவரியாகப் படிப்பது முக்கியம்.

தவறாகச் சொல்லிவிட்டால்? அந்தப் பதிலால் கம்பெனி ஏமாந்தது என்று அதுவே காட்ட வேண்டும். உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே தந்திருக்காது, அல்லது வேறு நிபந்தனையில்தான் தந்திருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். உண்மை தெரிந்திருந்தாலும் அதே பிரீமியத்துக்கு அதே பாலிசி தந்திருக்கும் என்றால், கம்பெனி எதுவும் செய்ய முடியாது. கவனக்குறைவுதான், உண்மை தெரிந்திருந்தால் பிரீமியம் மட்டும் கூடியிருக்கும் என்றால் விகிதக் கணக்கு வரும். நீங்கள் கட்டியது 600 பவுண்டு, உண்மை தெரிந்தால் 800 கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது முக்கால் பங்கு, ஆக 8,000 பவுண்டு க்ளெய்மில் கிடைப்பது 6,000. வேண்டுமென்றே சொன்ன பொய் என்றால் பாலிசியே இல்லாத மாதிரி ஆகிவிடும், கட்டிய பிரீமியமும் பொதுவாகத் திரும்பாது. அதன் பிறகு எந்தக் கம்பெனியில் விண்ணப்பித்தாலும் "எப்போதாவது பாலிசி ரத்தானதுண்டா" என்ற கேள்வி காத்திருக்கும். சுகரைச் சொல்லியிருந்தால் ஒரு பைசாவும் கூடியிருக்காத இடத்தில், மறைத்ததால் வரும் விலை இது.

பாதிக்கப்பட்டவர் கதி என்ன என்று கேட்கலாம். இன்சுலின் எடுப்பதை மறைத்தவர் ஒருவரை இடித்துவிட்டால், கம்பெனி கையை விரித்துவிடுமா? முடியாது. தேர்ட் பார்ட்டி காப்பீட்டை 1930இல் கட்டாயமாக்கிய நாடு, அடுத்த நான்கே ஆண்டில், 1934 சட்டத்தில், ஓட்டுநரின் வயது, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைக் காரணம் காட்டும் பாலிசி நிபந்தனை எதுவும் மூன்றாம் நபருக்கு எதிராகச் செல்லாது என்று எழுதிவைத்தது. இன்றைய 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 148ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. பாலிசியையே செல்லாததாக அறிவிக்கக் கோர்ட்டுக்குப் போய்த் தப்பும் வழியும் 2019க்குப் பிறகு குறுகிவிட்டது: விபத்துக்கு முன்பே அந்த உத்தரவை வாங்கியிருக்க வேண்டும். ஆகவே தெருவில் போனவருக்குப் பணம் கிடைக்கும். ஆனால் அந்த நிபந்தனையை மீறியதால் கொடுக்க நேர்ந்த பணத்தை, காப்பீடு எடுத்தவரிடமிருந்தே கம்பெனி திருப்பிக் கேட்கலாம். 148ஆம் பிரிவே அதற்கும் வழி வைத்திருக்கிறது. உடைந்த காருக்கான எட்டாயிரத்தை விட்டுவிடலாம், ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருக்கும்படி ஆனால் இழப்பீடு எத்தனை லட்சம் பவுண்டு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு இதெல்லாம் வேற்றுக்கிரகக் கதையாகத் தோன்றலாம். அங்கே கார் பாலிசி எடுக்கும்போது சுகர் உண்டா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் விலை பெரும்பாலும் வண்டியைப் பார்த்துத்தான். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது: 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஓட்டுபவர் யார் என்பது அதில் வரவே இல்லை. உடல்நிலைக் கேள்வி ஆர்டிஓ அலுவலகத்தோடு முடிகிறது. படிவம் 1இல் நீங்களே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி, நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்கும் வாடகை வண்டி ஓட்டுபவருக்கும் மருத்துவர் கையெழுத்திட்ட 1ஏ. அந்தச் சான்றிதழ் எந்த லட்சணத்தில் வாங்கப்படுகிறது என்பது லைசென்ஸ் எடுத்த எல்லோருக்கும் தெரியும். இன்ஷூரன்ஸ் படிவத்தில் கிடைக்கும் தனியுரிமை நல்லதுதான். லைசென்ஸ் கட்டத்தில் சோதனை பேருக்கு நடப்பதும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

பிரிட்டனுக்கே திரும்புவோம். குடும்பங்களில் உண்மையான சிக்கல் பாலிசியில் பெயர் சேர்க்கும்போது வருகிறது. மகன் பாலிசி எடுத்து அப்பாவை இன்னொரு ஓட்டுநராகச் சேர்க்கிறார். அப்பாவுக்கான மருத்துவக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் மகன்தான். அப்பா போன மாதம் இன்சுலின் தொடங்கியதை வீட்டில் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார். நம் வீடுகளில் அப்பாக்கள் பேசுவதில்லை. கேட்காமலே மகன் "இல்லை" என்று தட்டிவிடுவார். சட்டம் பார்ப்பது மகன் நியாயமான கவனம் எடுத்தாரா என்பதை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கம்பெனி சொன்னால் பதில் சொல்வது கஷ்டம். நோயின் பெயரைச் சொல்லச் சங்கடப்படும் அப்பாவிடம் "டிவிஎல்ஏவுக்கு ஏதாவது எழுதினீங்களா, எத்தனை வருஷ லைசென்ஸ் குடுத்திருக்காங்க" என்று கேட்டால் போதும். படிவத்துக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போது தெரிவிக்க வேண்டிய நோய் வந்தால், டிவிஎல்ஏவுக்கு உடனே சொல்ல வேண்டும். கம்பெனிக்கும் நடுவில் சொல்ல வேண்டுமா என்பதை அந்தப் பாலிசி தாளில்தான் பார்க்க வேண்டும், பல பாலிசிகளில் அப்படியொரு நிபந்தனை இருக்கிறது. ரெனியூவல்தான் பலர் கவனிக்காமல் விடும் இடம். போன வருடம் நீங்கள் சொன்ன பதில்களை அச்சிட்டு அனுப்பி, மாற்றம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். பணம் தானாகவே வங்கியிலிருந்து போய்விடும், கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. அப்படிக் கேட்டும் பழைய விவரத்தைத் திருத்தாமல் விடுவதையும் தவறான பதில் சொன்னதாகவே கொள்ளலாம் என்று 2012 சட்டத்தின் 2ஆம் பிரிவு சொல்கிறது.